சிஸ்டத்தில் வைரஸ்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும், ஐந்தாறு சிஸ்டம் போட்டிருக்கும் சின்ன ஆபீஸ், டிடிபி கடை, பிரவுசிங் சென்டருக்கும் எழுதியது. உங்கள் அறிகுறி எதுவோ நேரே அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், ஃபார்மட் கடைசியில்தான்.

எந்த அறிகுறியானாலும் தொடங்குமுன் ஒரு விசாரணை உண்டு. கடைசி இரண்டு மூன்று நாளில் இந்த சிஸ்டத்தில் யார் எதை இறக்கினார்கள், எதைச் செருகினார்கள், எந்தப் பெட்டியில் 'ஓகே' கொடுத்தார்கள்? "ஒண்ணுமே பண்ணல, தானா இப்படி ஆயிடுச்சு" என்பதுதான் எப்போதும் வரும் பதில். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் தேதிவாரியாக அடுக்கிக் காட்டுங்கள், பதில் மாறும். பிரவுசரில் கன்ட்ரோல் விசையோடு எச் அழுத்தினால் ஹிஸ்டரியும் சாட்சி சொல்லும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைக் கேட்கவில்லை. எந்த வழியாக உள்ளே வந்தது என்று தெரியாமல் வைரஸை மட்டும் துடைத்தால், அடுத்த வாரம் அதே வழியாக அது திரும்ப வரும்.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, ஃபைல் எக்ஸ்புளோரரின் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குப் போய், தெரிந்த ஃபைல் வகைகளின் எக்ஸ்டென்ஷனை (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் வகைக் குறி) மறை என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். 2000 மே 4 அன்று உலகத்தைச் சுற்றி வந்த 'ஐ லவ் யூ' வைரஸ், டெக்ஸ்ட் ஃபைல் போலப் பெயர் வைத்துக்கொண்டு வந்த ஸ்கிரிப்ட், அதாவது திறந்ததும் ஓடும் கட்டளைத் தொகுப்புதான். கடைசியில் இருந்த 'டாட் விபிஎஸ்' என்பதை விண்டோஸ் மறைத்துவிட்டதால், கடிதம் என்று நினைத்து ஆள் ஆளுக்குத் திறந்தார்கள். அந்த டிக் இன்றைய விண்டோஸ் 11 வரை அப்படியேதான் வருகிறது.

இரண்டாவது, புது லேப்டாப் என்றால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது 48 இலக்க எண். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சேஃப் மோட், ஆஃப்லைன் ஸ்கேன் என்று இறங்கிய பிறகு சிஸ்டம் அந்த எண்ணைக் கேட்டு நின்றால், அது இல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

## பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

ஜெராக்ஸ் கடைக்கோ கல்லூரி லேபுக்கோ போய்வந்த பென் டிரைவில் அதிகம் காண்பது இதைத்தான். முதலில் ஃபார்மட் பட்டனிலிருந்து கையை எடுங்கள். உங்கள் ஃபைல்கள் அழியவில்லை. ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். அவை இருந்த இடத்தில் அதே பெயரில் ஒன்றிரண்டு கேபி அளவுக்கு ஷார்ட்கட் உட்கார்ந்திருக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் உங்கள் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். ஃபோல்டர் திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடும். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் அனுப்பிய அப்டேட் அந்த ஆட்டோரன் வழியை அடைத்தது. அதற்குப் பிறகு வைரஸுக்கு உங்கள் விரல் தேவைப்படுகிறது. ஃபோல்டர் வேஷம் அதற்காகத்தான்.

சிஸ்டத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் பென் டிரைவில் கை வைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சுத்தம் செய்த பென் டிரைவை சிஸ்டம் அடுத்த நொடியே மறுபடி கெடுத்துவிடும்.

சிஸ்டம்:

1. பென் டிரைவைக் கழற்றுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'டீட்டெயில்ஸ்' பகுதியில் 'டபிள்யூஸ்கிரிப்ட்' (wscript, ஸ்கிரிப்ட்களை ஓட்டும் புரோகிராம்) என்ற பெயர் ஓடுகிறதா பாருங்கள். சாதாரண வீட்டு சிஸ்டத்தில் அது ஓடிக்கொண்டே இருக்க வேலையில்லை. இருந்தால் 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள்.
2. அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப்' பட்டியல். அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டம் பெயராக இருந்தால் வலது கிளிக் செய்து, ஃபைல் இருக்கும் இடத்தைத் திறங்கள். 'ஆப்டேட்டா' அல்லது 'டெம்ப்' ஃபோல்டருக்குள் ஒரு ஸ்கிரிப்ட் கிடந்தால் பெரும்பாலும் அதுதான் ஆள். ஸ்டார்ட்டப்பில் டிசேபிள் செய்துவிட்டு ஃபைலை அழியுங்கள்.
3. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி ஏதாவது பதிவாகியிருக்கிறதா பாருங்கள். அழித்த வைரஸ் ரீஸ்டார்ட் செய்ததும் உயிர்த்தெழுந்தால், காரணம் இங்கே இருக்கும்.
4. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய், ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும். வைரஸ் கண் விழிக்குமுன் தேடுவதால், வழக்கமான ஸ்கேனில் சிக்காததும் இதில் சிக்கும்.

பென் டிரைவ்:

ஒளிந்த ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'ஹிடன்' டிக்கை எடுக்கப் பார்ப்பீர்கள், கட்டம் மங்கிப்போய் அசையாது. வைரஸ் அதை சிஸ்டம் ஃபைல் என்றும் குறித்திருப்பதுதான் காரணம். எனவே கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஒரே வரியில் தட்ட வேண்டும். முதலில் ஏ டி டி ஆர் ஐ பி (attrib) என்ற ஆறு ஆங்கில எழுத்துகள். அடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளி விட்டு மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், சாய்கோடு எஸ், சாய்கோடு டி (/s /d). கடைசியாக ஓர் இடைவெளி விட்டு, பென் டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம், இவை இடைவெளியின்றி. மைனஸ் மூன்றும் மறைப்பு, படிக்க மட்டும், சிஸ்டம் என்ற முத்திரைகளை எடுக்கும். சாய்கோடு இரண்டும் உள் ஃபோல்டர்கள் வரை அதைக் கொண்டுபோகும். பென் டிரைவின் எழுத்துக்குப் பதிலாக சி டிரைவைத் தட்டிவிடாதீர்கள், விண்டோஸின் சொந்த ஃபைல்களெல்லாம் அம்பலத்துக்கு வந்துவிடும்.

- ஃபோல்டர்கள் தெரிகின்றனவா? உங்கள் ஆவணங்களை மட்டும் நகலெடுத்து, பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.
- பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரிகிறதா? கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக் குறியையே பெயராக வைத்து, எல்லாவற்றையும் அதற்குள் அள்ளிப்போடும் வகை உண்டு. உள்ளே போனால் எல்லாம் இருக்கும்.
- ஷார்ட்கட்டையும் அசல் ஃபோல்டரையும் பிரித்தறிய முடியவில்லையா? ஷார்ட்கட்டின் எக்ஸ்டென்ஷனை, மேலே சொன்ன டிக்கை எடுத்தாலும் விண்டோஸ் காட்டாது. 'டீட்டெயில்ஸ்' வியூவில் 'டைப்' என்ற பத்தியைப் பாருங்கள், அங்கே 'ஷார்ட்கட்' என்றே எழுதியிருக்கும்.
- செருகியதும் 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கிறதா, அல்லது கொள்ளளவு பூஜ்யம் காட்டுகிறதா? இது அநேகமாக வைரஸ் இல்லை, பென் டிரைவே கெட்டிருக்கிறது. உள்ளே வேண்டிய ஃபைல் இருந்தால் மேற்கொண்டு எதுவும் முயலாமல் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள்.

வழியை அடைக்க: பிரிண்ட் எடுக்க வேண்டியதைப் பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்புங்கள். பென் டிரைவ்தான் வேண்டும் என்றால் அதற்கென்று தனியாக ஒன்று வையுங்கள். பிராஜெக்ட் ரிப்போர்ட், குடும்பப் படம், ஆதார் நகல் எல்லாம் சேர்ந்த ஒரே பென் டிரைவைக் கடை சிஸ்டத்தில் செருகுவதுதான் வினை. கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை: வாடிக்கையாளரின் டிரைவை வலது கிளிக் செய்து ஸ்கேன் போட அரை நிமிடம் ஆகும். அதைச் செய்யாத ஒரு கடை ஊருக்கே விநியோகம் செய்துவிடும்.

## வலது மூலையில் 'உங்கள் சிஸ்டத்தில் 5 வைரஸ்' என்று அறிவிப்பு குதிக்கிறது

அறிவிப்புப் பெட்டியை உற்றுப் பாருங்கள். பிரவுசரின் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கும். அப்படியென்றால் சிஸ்டத்தில் வைரஸ் இல்லை. சினிமாவோ கிரிக்கெட்டோ பார்க்கப் போன தளத்தில், 'ரோபோ இல்லை என்று உறுதி செய்ய அலௌ அழுத்துங்கள்' என்று கேட்டபோது அழுத்தியிருக்கிறீர்கள்.

பிரவுசர் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று தட்டி, அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறங்கள். தெரியாத பெயரையெல்லாம் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கேட்கக் கூடாது என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்குப் போய் ஃபார்மட் அடித்துக் காசு வாங்கும் கடைகளும் உண்டு.

பிரவுசரை மூடிய பிறகும் பெட்டி குதிக்கிறது, தளத்தின் பெயர் எதுவும் இல்லை என்றால் அது உள்ளே நிறுவப்பட்ட புரோகிராம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்கி, புதிதாக வந்ததை நீக்குங்கள்.

## திரை முழுக்க எச்சரிக்கை, சைரன் சத்தம், ஒரு போன் நம்பர்

அந்த நம்பரைக் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் போன் நம்பர் வராது. இது வெறும் வெப் பக்கம், முழுத்திரையில் நிற்கிறது. எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் சுருங்கும். அடங்கவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அத்தோடு முடிந்தது.

ஏற்கெனவே கூப்பிட்டாயிற்று, அவர்கள் சொன்ன ரிமோட் ஆப்பையும் போட்டாயிற்று என்றால் கதை வேறு. உடனே வைஃபையை அணையுங்கள், லேன் கேபிளைப் பிடுங்குங்கள். அந்த இணைப்பின்போது நெட் பேங்கிங் திறந்திருந்தாலோ ஓடிபி சொல்லியிருந்தாலோ முதல் போன் வங்கிக்கு, இரண்டாவது 1930க்கு. சைபர் மோசடிக்கான அந்த உதவி எண் இந்தியா முழுவதும் ஒன்றுதான். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுமுன் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. சிஸ்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கும்போது, ரிமோட் ஆப்பை நீக்கினால் போதும் என்று விட்டுவிடாமல் கடைசித் தலைப்பில் உள்ளபடி செய்யுங்கள். அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன வைத்துவிட்டுப் போனார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

## பிரவுசர் தானாக வேறு தேடல் பக்கத்துக்குப் போகிறது

எளியதிலிருந்து வருவோம்.

பிரவுசரில் கூடுதலாகச் சேரும் கருவிகளுக்கும் எக்ஸ்டென்ஷன் என்றே பெயர்; அந்தப் பட்டியலில் நீங்கள் போடாததை நீக்குங்கள். 'வீடியோ டவுன்லோடர்', 'பிடிஎஃப் கன்வெர்ட்டர்', 'கூப்பன்' என்று பெயர் வைத்தவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். நீக்கியும் பிரச்சினை தொடர்ந்தால் டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 'டார்கெட்' வரியைப் பாருங்கள். மேற்கோள் குறிக்குப் பின்னால் ஒரு வெப் முகவரி தொங்கினால் அதை வெட்டுங்கள். அடுத்தது பிரவுசர் செட்டிங்ஸில் உள்ள ரீசெட். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது.

எக்ஸ்டென்ஷனை நீக்கவே விடாமல், 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று வீட்டு சிஸ்டத்தில் வந்தால், ஏதோ ஒரு புரோகிராம் பிரவுசர் மேல் பாலிசி போட்டுப் பூட்டியிருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் இந்த வாசகத்தை வரவழைக்கும் என்பதால் உடனே பதற வேண்டாம். ஆன்டிவைரஸ் காரணமில்லை என்றால் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாலிசிகளை நீக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுவது நல்லது. குரோமுக்குள்ளேயே இருந்த கிளீனப் கருவியைத் தேட வேண்டாம், 2023 மார்ச்சிலேயே அதை கூகுள் எடுத்துவிட்டது.

## சிஸ்டம் மந்தம், ஃபேன் ஓயாமல் கத்துகிறது

மந்தமான சிஸ்டம் எல்லாவற்றிலும் வைரஸைத் தேடினால் பாதி நாள் வீணாகும். முதலில் தூசியைப் பாருங்கள். அடுத்து, பின்னணியில் விண்டோஸ் அப்டேட் இறங்குகிறதா? டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சிபியு சும்மா இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம், எஸ்எஸ்டி போடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினாலும் இப்படித்தான் இருக்கும். ஒன்றை நீக்குங்கள்.

இதெல்லாம் இல்லை, எந்த வேலையும் ஓடாதபோதும் ஃபேன் உச்சத்தில் சுற்றுகிறது என்றால் ஒரு சோதனை. எல்லாவற்றையும் மூடிவிட்டு 10 நிமிடம் சும்மா விடுங்கள். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். திறந்த சில நொடியில் சத்தம் அடங்கி, மூடிய கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பினால், உங்கள் கரண்டில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனர் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். டாஸ்க் மேனேஜரைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்படிதான் அவற்றில் பல எழுதப்பட்டிருக்கின்றன.

தானாகத் தொடங்கும் புரோகிராம்களைப் பட்டியலிட மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியை இறக்கி, மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். உங்கள் சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றியது மற்றவர் கைக்கும் போகும். பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் விசைகளை இடைமறித்து வேலை செய்வதால், அதையே கீலாகர் (தட்டும் விசைகளைத் திருடும் புரோகிராம்) என்று சில ஆன்டிவைரஸ் பிடிப்பதுண்டு. வைரஸ்டோட்டல் ஓட்டும் ஏறக்குறைய எழுபது ஆன்டிவைரஸ் எஞ்சினில் ஒன்றிரண்டு மட்டும் கத்தினால் நிதானமாகப் பாருங்கள். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. அதற்காக முகம் தெரியாத தளத்தில் எதையும் இறக்க வேண்டாம்.

## டிஃபெண்டர் (விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ்) ஆன் ஆக மறுக்கிறது

- லேப்டாப்போடு வந்த ஆன்டிவைரஸின் ட்ரையல் முடிந்து கிடக்கிறதா? அதை அந்த நிறுவனத்தின் நீக்கும் கருவியால் முழுதாக எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் தானாக எழும்.
- 'சில அமைப்புகளை நிர்வாகி கையாள்கிறார்' என்று வருகிறதா? வீட்டு சிஸ்டத்தில் நிர்வாகி நீங்கள்தான். நீங்கள் அணைக்கவில்லை என்றால் வேறு ஏதோ அணைத்திருக்கிறது.
- டிஃபெண்டர் ஆன்தான், ஆனால் எதையும் பிடிப்பதில்லையா? வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலைத் திறங்கள். இங்கே சி டிரைவோ, டெம்ப் ஃபோல்டரோ, ஆப்டேட்டாவோ இருந்தால், 'இந்த வீட்டில் மட்டும் சோதனை போடாதே' என்று காவலுக்கு எழுதிக்கொடுத்தது போல. உடனே நீக்கிவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள்.

இந்தப் பட்டியலில் பெயர் எப்படி ஏறுகிறது? விண்டோஸையோ ஆபீஸையோ ஓசியில் 'ஆக்டிவேட்' செய்யும் கருவியால். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்' என்று அதன் கூடவே ஒரு குறிப்பு வரும், நாமும் சொன்னபடி செய்வோம். நிர்வாகி உரிமையோடு ஓடும் அந்த ஒரு நிமிடத்தில் அது எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். சில கருவிகள் அப்டேட்டையும் நிறுத்திவிடும். 2017 மே 12 அன்று வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. இரண்டு மாதம் அப்டேட் போடாமல் கிடந்த சிஸ்டங்கள்தான் விழுந்தன.

## பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் கணக்கு பறிபோகிறது

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் சேனல், மெயில் எதுவானாலும் சரி. ஓடிபி போட்டு வைத்திருந்தும் போயிற்று என்றால் யாரும் பாஸ்வேர்டை ஊகித்திருக்க மாட்டார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு, லாகின் ஆன நிலையையே குறிக்கும் குக்கியையும் சேர்த்து ஒரு திருடன் புரோகிராம் அள்ளிக்கொண்டு போயிருக்கும். அந்தக் குக்கி கையில் இருந்தால் ஓடிபி கேட்கப்படுவதே இல்லை.

எப்படி வந்தது என்று இரண்டு இடத்தில் தேடுங்கள்.

விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி ரன் பெட்டியைத் திறந்து, ஓரத்து அம்புக்குறியைத் தட்டுங்கள். முன்பு தட்டிய கட்டளைகள் வரிசையாக வரும். பவர்ஷெல் அல்லது எம்எஸ்எச்டிஏ (mshta) என்று தொடங்கி நீளமாக ஒரு வரி இருக்கிறதா? 2024 முதல் பரவிவரும் வித்தை இது. 'நான் ரோபோ இல்லை' என்று கேட்கும் போலிப் பக்கம், விண்டோஸும் ஆரும், பிறகு கன்ட்ரோலும் வியும், பிறகு என்டர் என்று மூன்று படி சொல்லும். கட்டளையை அந்தப் பக்கம் முன்கூட்டியே கிளிப்போர்டில் வைத்திருக்கும், நீங்களே உங்கள் கையால் ஒட்டி ஓடவிட்டிருப்பீர்கள். எந்த உண்மையான கேப்ட்சாவும் கீபோர்டில் இப்படி வித்தை காட்டச் சொல்லாது.

அடுத்து டவுன்லோட்ஸில் பாஸ்வேர்டு போட்ட ஜிப் அல்லது ரார் ஃபைல் இருக்கிறதா? பாஸ்வேர்டு போட்டதே ஸ்கேனர் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்குத்தான். யூடியூப் சேனல் வைத்திருப்பவர்களுக்கு 'விளம்பர ஒப்பந்தம்' என்று வரும். உள்ளே இருப்பது பிடிஎஃப் படம் போட்ட ஸ்கிரீன்சேவர் ஃபைலாக இருக்கும். ஸ்கிரீன்சேவர் என்பதும் ஓடும் புரோகிராம்தான். வைரஸ்டோட்டல் 650 எம்பிக்கு மேல் ஏற்றவிடாது என்பதால், சில எம்பி ஃபைலைச் சும்மா பூஜ்யங்களை அடைத்து 700 எம்பியாக ஊதி அனுப்புகிறார்கள். இரண்டு பக்க ஒப்பந்தம் 700 எம்பி இருந்தால் யோசிக்க வேண்டாமா? லும்மா என்ற ஒரே திருடன் மட்டும் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது.

செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

1. சிஸ்டத்தின் நெட்டைத் துண்டியுங்கள். அந்த சிஸ்டத்தில் உட்கார்ந்து எந்தப் பாஸ்வேர்டையும் மாற்றாதீர்கள், புதுப் பாஸ்வேர்டும் அவர்களுக்கே போகும்.
2. போனிலோ வேறு சுத்தமான கம்ப்யூட்டரிலோ முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்கின் சாவியும் மெயிலில்தான் இருக்கிறது. அடுத்து வங்கி, பிறகு மற்றவை.
3. ஒவ்வொன்றிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுங்கள். இதை விட்டால் திருடிய குக்கி உயிரோடு இருக்கக்கூடும். தலைப்பில் உள்ள அறிகுறிக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் படியை விட்டதுதான்.
4. மெயிலில் ஃபார்வேர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். உங்கள் வங்கி மெயில் கண்ணில் படாமல் குப்பைக்குப் போகும்படி ஃபில்டர் வைத்திருப்பார்கள். மீட்பு எண், மீட்பு மெயில் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ்.
5. சிஸ்டத்தை ஸ்கேனோடு விட வேண்டாம். கடைசித் தலைப்பு.

## ஃபைல் எதுவும் திறக்கவில்லை, பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள்

ரேன்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். வீட்டு சிஸ்டம் ஒன்றே ஒன்று, டிஸ்க் விளக்கு இன்னும் விடாமல் மின்னுகிறது என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். அந்த நிமிடம் வரை பூட்டப்படாத ஃபைல்களாவது பிழைக்கும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் பிடுங்குங்கள்.

ஆபீஸ் நெட்வொர்க்கோ, கணக்கு வைத்திருக்கும் சர்வரோ என்றால் நெட்வொர்க் கேபிளை மட்டும் எடுத்துவிட்டு, சிஸ்டத்தை அணைக்காமல், அங்கேயே நிபுணரைக் கூப்பிடுங்கள். மெமரியில் தடயம் இருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை அப்படியே திறந்துவிட்டு, சுலபமான பாஸ்வேர்டு வைத்திருந்த சர்வரில் ஆள் நேரடியாக உள்ளே வந்திருப்பார். அதை நீங்களே துடைக்கப் பார்ப்பது வம்பு.

வீட்டு சிஸ்டங்களில் அதிகம் பார்ப்பது ஸ்டாப் அல்லது டிஜேவியு எனப்படும் வகை. வருகிற வழி அநேகமாக ஒன்றே: கிராக், கீஜென், அதாவது காசு மென்பொருளை ஓசியில் ஓடவைக்கும் கருவிகள். அடையாளம் இவை: ஃபைல் பெயருக்குப் பின் பெரும்பாலும் நான்கெழுத்து எக்ஸ்டென்ஷன், ஃபோல்டர்களில் அடிக்கோட்டில் தொடங்கும் 'ரீட்மி' டெக்ஸ்ட் ஃபைல், 980 டாலர் கேட்டு 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 என்று தள்ளுபடி. பிந்தைய வகைகளில் 999, 499.

மிரட்டல் குறிப்பையும் பூட்டிய ஃபைல்களையும் அழிக்காமல் வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். பிறகு சி டிரைவில் 'சிஸ்டம் ஐடி' என்ற ஃபோல்டரில் உள்ள 'பர்சனல் ஐடி' ஃபைலைத் திறந்து, அந்த எழுத்துச் சரத்தின் கடைசி இரண்டைப் பாருங்கள்.

- டி, 1 (t1) என்று முடிந்தால்: தாக்கும்போது வைரஸுக்கு அதன் சர்வர் எட்டவில்லை, எல்லோருக்கும் பொதுவான சாவியால் பூட்டியிருக்கிறது. எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் இலவசக் கருவி திறக்க வாய்ப்பு உண்டு. 2019 அக்டோபரில் 148 வகைகளுக்கு வந்த கருவி அது. இன்று திறக்கவில்லை என்றாலும் சாவி பிறகு கிடைக்கலாம், ஃபைல்களைத் தூக்கி எறியாதீர்கள்.
- வேறு விதமாக முடிந்தால்: சாவி உங்களுக்கென்று தனியாகச் செய்தது. 2019 ஆகஸ்டுக்கு முந்தைய பழைய வகை என்றால் அதே கருவியில் ஒரு வழி உண்டு. புதிய வகை என்றால் 'திறந்து தருகிறேன்' என்று காசு கேட்பவர் ஏமாற்றுகிறார், அல்லது திருடனுக்கே பணம் கட்டி நடுவில் கமிஷன் பார்க்கிறார்.
- ஃபைல் பெரியது என்றால்: இந்த வகை ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது. 2 ஜிபி ஜிப்பின் உள்ளே பின்னால் இருக்கும் ஃபைல்களை எடுக்கலாம். அதே கேமராவில் எடுத்த இன்னொரு வீடியோவை மாதிரியாகக் காட்டி கல்யாண வீடியோவைச் சீராக்கலாம். பெரிய டேட்டாபேஸையும் டேட்டா ரெக்கவரி ஆளிடம் காட்டலாம். சின்ன வேர்டு ஃபைலுக்கு இது உதவாது.

கருவியைத் தேடும்போதும் கவனம். 2020இல் டிஜேவியுவைத் திறக்கும் கருவி என்று சொல்லிக்கொண்டு ஜோராப் என்ற இன்னொரு ரேன்சம்வேர் வந்து, பூட்டிய ஃபைலையே மறுபடி பூட்டியது. யூரோபோல் பங்கேற்கும் 'நோ மோர் ரேன்சம்' தளம் அல்லது கருவியைச் செய்த நிறுவனத்தின் சொந்தத் தளம், இந்த இரண்டைத் தவிர வேறு எங்கும் இறக்காதீர்கள். அந்தத் தளங்கள் உங்கள் சிஸ்டத்தில் திறக்கவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம், டிஜேவியு ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்றி அவற்றைத் தடுத்துவைக்கும். வேறு சிஸ்டத்தில் இறக்குங்கள். இது பல சமயம் பாஸ்வேர்டு திருடனையும் கூடவே அழைத்து வரும். எனவே முந்தைய தலைப்பின் ஐந்து படிகளும் இங்கேயும் உண்டு.

## ஃபார்மட் எப்போது, எப்படி

ரிமோட்டில் யாரோ உள்ளே வந்தது, பாஸ்வேர்டு திருடன், ரேன்சம்வேர், ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் திரும்ப வருவது. இந்த நான்குக்கும் ஃபார்மட். மற்றவற்றுக்குத் தேவையில்லை.

வேறு சுத்தமான கம்ப்யூட்டரில், 8 ஜிபியாவது உள்ள பென் டிரைவில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் கருவியால் விண்டோஸ் போடுங்கள். நிறுவும்போது பழைய பார்ட்டிஷன்களை அழித்துவிட்டு, காலி இடத்தில் நிறுவுங்கள். 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' என்ற ரீசெட் இங்கே போதாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்துவிட்டது, வீட்டு உபயோகத்துக்கான நீட்டிப்பில் பதிவு செய்தவர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். சிஸ்டம் தாங்கும் என்றால் 11 போடுங்கள்.

கடையில் கொடுத்துப் போடுவதாக இருந்தால் இரண்டு விஷயம் முன்கூட்டியே பேசுங்கள். டேட்டா பேக்கப் எடுத்துவிட்டுத்தான் கை வைப்பார்களா என்பது ஒன்று. 'ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தரேன் சார்' என்றால் வேண்டாம் என்று சொல்வது இன்னொன்று. அந்த ஃப்ரீயில்தான் போன முறை வந்தது.

பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவரும்போது படம், ஆவணம், கணக்கு ஃபைல் மட்டும். பழைய செட்டப் ஃபைல், ஜிப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர் எதுவும் உள்ளே வரக் கூடாது. அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத ஒரு சாதாரணக் கணக்கை உண்டாக்கி அதில் உட்காருங்கள். எதை நிறுவப் போனாலும் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கும். வீட்டில் பிள்ளைகள் உபயோகிக்கும் சிஸ்டம் என்றால் அந்தப் பாஸ்வேர்டு அவர்களுக்குத் தெரிய வேண்டாம். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை வாரத்துக்கு ஒருமுறை சொருகி, நகல் முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் சொருகியே கிடக்கும் டிஸ்க்கை ரேன்சம்வேர் சி டிரைவோடு சேர்த்தே பூட்டிவிடும்.